கோரையாற்று முகத்துவாரத்தில் பட்டாணி

"நீதான கட்டுன!"

"நீ கட்டச் சொன்ன, அதான்—"

"கட்டுன்னுதான் சொன்னேன். ரெட்டை முடிச்சாப் போடச் சொன்னேனா?"

"ஆமை முட்டையிடுற எடம்னு பலகையப் படிச்சுக் காட்டுனது யாருடா? ஆமை முட்டையத் தோண்டிருவான், கட்டு கட்டுன்னு குதிச்சது யாரு? இப்ப வந்து—"

"கத்தாதக்கா! கேளு. குரைக்கிறான். இன்னும் குரைக்கிறான்."

சுகந்தியும் அவள் தம்பி செழியனும் வாயை மூடிக்கொண்டார்கள். தண்ணீரின் இரைச்சலைத் தாண்டி அந்தக் குரல் மெல்லியதாய் வந்தது. பட்டாணி!

பொங்கல் விடுமுறைக்கு மதுரையிலிருந்து தங்கள் நாய் பட்டாணியோடு வந்தவர்கள் அவர்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அசையாத ஆற்றுநீர், நடுவே வெள்ளை மணல்மேடு. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முந்தின நாள் அங்கே கூடாரம் போட்டார்கள். ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடியும்போது இரும்புக் கம்பி ஒன்றை மணலில் அறைந்து, பட்டாணியை அதில் கட்டிவிட்டுத் தண்ணீர் வாங்கக் கடைக்கு நடந்தார்கள்.

திரும்பி வந்தபோது நடந்துபோன வழியே இல்லை. மணல்மேடு அறுந்து கிடந்தது. அறுந்த இடைவெளியில் ஆறு செங்காவி நிறத்தில் கடலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் தொப்பென்று ஒரு துண்டு விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு துண்டு. அந்தக் கரையில்தான், நூறு அடிக்கு அப்பால், பட்டாணி!

"அந்த மேட்டோட வடக்கு முனை கரையோட சேருதுல்ல? பாலம் சுத்திப் போனா?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்டா. அதுவரைக்கும் அந்த மணல் நிக்குமா?"

சுகந்தி செருப்பை உதறினாள். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். காலுக்கடியில் மணல் சரேலென்று வழுக்கியது.

"ஏய்ய்! கால எடு! எடுங்கிறேன்ல!"

பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி, கையில் இரண்டு அலுமினியத் தட்டுகள், தோளில் கயிறு கட்டிய தெர்மாகோல் மிதவை. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பஞ்சவர்ணம் அவள்.

"சாகப் போறியா? இது நேரா கடலுக்குள்ள கொண்டுபோயிச் சேத்துரும்."

"அக்கா, எங்க நாய் அங்க இருக்கு! கட்டிப் போட்டுருக்கோம்!"

பஞ்சவர்ணம் கண்ணைச் சுருக்கி எதிர்க்கரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அடியாத்தி! அது ஒங்க கூடாரமா? ஊருக்குள்ள தண்ணி ஏறுதுன்னு காலையில எட்டு மணிக்கு நாங்கதான் முகத்துவாரத்த அடைச்ச மணல வெட்டிவிட்டோம். ஒரு முழம் அகலந்தான் வெட்டுனோம். மிச்சத்த அதுவே வெட்டிக்கிரும். அந்த வளைவுக்கு அங்கிட்டு ஆளு இருக்கும்னு யாரு கண்டா?"

அப்போது குரைப்பு நின்றது.

தண்ணீர் மட்டும் இரைந்தது. எதிர்க்கரையில் மறுபடி ஒரு துண்டு விழுந்தது. "பட்டாணீ!" என்று சுகந்தி கத்தினாள். பதில் இல்லை.

"நான் போயி அவுத்துருவேன். ஆனா பயந்த நாயி, என்னையக் கடிச்சுக் கொதறிரும். ஒனக்கு நீச்சல் தெரியுமா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"தெரியும். கிணத்துல..."

"கெணத்துல அலை அடிக்குமாக்கும்! சரி, மிதவையப் புடி. தம்பி, நீ?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"நல்லதாப் போச்சு. நீ பாலம் சுத்தி வடக்கு முனைக்கு ஓடு."

செழியன் ஓடவில்லை. "அக்கா, வேணாம்..." என்றான். சுகந்தியின் கையைப் பிடித்தான்.

"ஓடுடா!" என்று சுகந்தி அதட்டினாள். அவன் ஓடினான்.

பஞ்சவர்ணம் ரப்பர் செருப்புக்கு அடியில் தட்டுகளை வைத்துக் கட்டிக்கொண்டாள். தண்ணீரை உதைத்துத் தள்ள அவளுக்கு அவைதான் துடுப்பு.

"நல்லாக் கேளு. குறுக்க நீந்தாத. எதுத்தும் நீந்தாத. அது இழுக்குற இழுப்புக்குப் போ. அலை உடையிற எடத்தத் தாண்டுனா இழுப்பு செத்துரும். அப்பறம் வடக்க திரும்பி, அலையோட கரையேறணும். மிதவைய மட்டும் விட்றாத."

"விட்டா?"

"விடாத!"

குதித்தார்கள். ஆறு அவர்களை அள்ளி எறிந்தது! கரை பின்னால் பறந்தது. வாயில் சேறும் உப்பும். எதிரே அலைகள் சுவர்போல எழுந்து ஆற்றுநீரோடு மோதின. ஓர் அலை தலைமேல் கவிழ்ந்தது. மேல் எது, கீழ் எது என்று சுகந்திக்குத் தெரியவில்லை. மூச்சு முட்டியது. விரல்கள் கயிற்றில் மட்டும் இறுகியிருந்தன.

"உதை! காலு எதுக்கு இருக்கு, உதை!"

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு உதைத்தாள். இழுப்பு தளர்ந்தது. திரும்பினார்கள். அடுத்த அலை இருவரையும் தூக்கி எதிர்க்கரை மணலில் வீசியது.

கூடாரத்தைக் காணவில்லை. கம்பிக்கு நாலடி தள்ளி மணல் பிளந்து விழுந்துகொண்டிருந்தது. பட்டாணி கம்பியையே சுற்றிச் சுற்றிக் கயிற்றைத் தீர்த்துவிட்டு, தலை மணலோடு அழுந்தக் கிடந்தான். கண்கள் மட்டும் அசைந்தன.

"உசுரு இருக்கு! அவுரு, அவுரு!"

நைலான் கயிறு நனைந்து கல்லாகியிருந்தது. அவன் பிறந்ததிலிருந்து கட்டப்பட்டதே இல்லை. பட்டைகூடக் கிடையாது; கயிறு நேரே கழுத்தில் முடிந்திருந்தது. சுகந்தி முடிச்சில் நகத்தை நுழைத்தாள். சட்டென்று திரும்பி அவள் கையைக் கவ்வினான் பட்டாணி. ரத்தம் வந்தது. அவள் கையை இழுக்கவில்லை.

"அவுரலையே அக்கா! அவுரலையே!"

"முடிச்ச விடு! கம்பியப் புடுங்கு!"

இருவரும் கம்பியைப் பிடித்து ஆட்டினார்கள். ஒரு முறை. இரண்டு முறை. காலடியில் மணல் விரிசல் விட்டது. மூன்றாவது இழுப்பில் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தது!

"ஓடு! திரும்பிப் பாக்காத!"

ஓடினார்கள். நாயைக் கையில் அள்ளிக்கொண்டு, கம்பி காலில் இடிக்க இடிக்க ஓடினார்கள். பின்னால் பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை.

வடக்கு முனையில் செழியன் இடுப்பளவு தாழம்புதரைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பஞ்சவர்ணம் சிப்பி ஓட்டை உடைத்து, அதன் கூரான விளிம்பால் கயிற்றை இழை இழையாக அறுத்து முடித்திருந்தாள்.

"நாய்க்கு ஊசி போட்டிருக்கா?"

"போட்டிருக்குக்கா."

"ஒனக்கும் போட்டுரு. நாளைக்கித் தள்ளாத." பிறகு அவள் இருவரையும் பார்த்தாள். "கடலு ஒங்களுக்குத் தெரியாது, சரி. வாய் இருக்குல்ல? இங்க படுக்கப் போறோம்னு ஒரு வீட்டுல சொல்லியிருந்தா, மம்பட்டிய அந்தப் பக்கமே கொண்டுபோயிருக்க மாட்டோமே?"

"தப்புத்தான்க்கா," என்றாள் சுகந்தி.

"நான்தான் கட்டச் சொன்னேன்," என்றான் செழியன்.

"கட்டுனது நான்டா. விடு."

பட்டாணி எழுந்தான். உடம்பைச் சிலிர்த்து மணலை உதறினான். செழியனை முகர்ந்தான். பஞ்சவர்ணத்தின் காலைச் சுற்றி வந்தான். பிறகு பத்தடி தள்ளிப்போய் உட்கார்ந்து, சுகந்தியின் கைகளையே பார்த்தான்.

அவள் முட்டி போட்டாள். ரத்தம் காய்ந்த கையை விரித்து, வெறுங்கை என்று காட்டினாள்.

"இனிமே கட்ட மாட்டேன்டா தங்கம். வரியா?"