அம்மாவின் விலகல்

ஒன்பதரை மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் கூட்டம் உள்ளே வந்துவிடும். மதுரை ஆனையூர் விலகல் அலுவலகத்தில் எனக்கு மூன்றாம் எண் கவுன்டர். வருகிறவர் கண்ணாடித் தட்டில் உள்ளங்கையை வைப்பார். "உங்க விவரத்த யாருக்கும் பகிர வேண்டாம்னு நீங்களா முடிவெடுத்தீங்களா?" என்று கேட்பேன். "ஆமா" என்றால் போதும். நிறுவனங்கள் அவரைப் பற்றிச் சேர்த்து வைத்த முகம், குரல், நடை, எதற்குச் சிரித்தார், எதற்கு அழுதார் என்பது வரைக்கும் ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். இந்த உரிமைக்காகச் சனங்கள் பதினோரு வருடம் கோர்ட் வாசலில் கிடந்தார்கள். அதனால் இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

சட்டப்படி ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும். யார் வருகிறார்கள்? ரேஷன் கடைக்குப் போகிற மாதிரி வீட்டுக்கு ஒருவர், ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டோடு வந்து நிற்பார். "அப்பாவுக்கு முட்டி வலி, தங்கச்சி காலேஜ் போயிருக்கா, எல்லாருக்கும் நானே கை வைக்கிறேன் மேடம்." படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கென்று வைத்த 'குடும்ப ஒப்புதல்' பொத்தானை அழுத்தி நாங்களும் அனுப்பிவிடுவோம். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அம்மாவுக்கும் நான் அப்படித்தான் செய்தேன்.

அம்மா பெயர் பாண்டிச்செல்வி. நான்கு வருடமாக மறதி நோய். அவள் காதில் பட்டாணி அளவில் ஒரு செவித்துணை இருக்கும். எதிரே யாராவது வந்தால் அது மெல்லச் சொல்லும்: "இது தாரகை. உங்க மக." உடனே அம்மா முகம் மலர்ந்து, "சாப்ட்டியாடி?" என்பாள். நான் அவளுக்கு மகளாக இருந்ததே அந்தப் பட்டாணியின் தயவில்தான். எனக்கு அதில் வெட்கமில்லை.

போன ஆடியில் ஒருநாள் வீட்டு வாசலில் மூட்டுத் தைல டப்பாக்கள் பதினாறு வந்து இறங்கின. "நீதானடி வாங்கச் சொன்ன?" என்றாள் அம்மா. செவித்துணை நிறுவனம் என் குரலை எவனுக்கோ பகிர்ந்திருக்கிறது. அவன் என் குரலிலேயே அம்மா காதில் விளம்பரம் ஓதியிருக்கிறான். ஒரு மாதம் விடாமல், அவளுக்குத் தலை வாரும்போதெல்லாம் சொன்னேன்: "தெரியாதவங்க யாரு கேட்டாலும் எதையும் சொல்லக் கூடாது. சரியாம்மா?" அதோடு விட்டேனா? அவள் கார்டையும் என் கார்டையும் சேர்த்து என் கவுன்டரிலேயே வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

பகிர்ந்த விவரத்திலிருந்து கருவிகள் கற்றுக்கொண்டவையும் அழிய வேண்டும் என்பது பதினேழாம் விதி. தினமும் நூறு பேருக்கு நானே வாசித்துக் காட்டுகிற விதிதான். அம்மா காதில் இருக்கும் பட்டாணியும் அப்படிக் கற்றுக்கொண்டுதான் என்னை அடையாளம் சொன்னது என்பது எனக்கு உறைக்கவில்லை. அன்று மாலை காபியை நீட்டியபோது அம்மா எழுந்து நின்று, "யாருங்க நீங்க?" என்றாள். என்னை அவள் நீங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுபடி பகிர்வில் சேர்வதற்குக் குடும்ப ஒப்புதல் செல்லாது. நிறுவனங்கள் ஏமாற்றிவிடும் என்று கோர்ட் அதை இறுக்கி வைத்திருந்தது. சம்பந்தப்பட்டவர் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். மறுத்துவிட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பக் கேட்க முடியும். திங்கட்கிழமை அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். பக்கத்து கவுன்டர் செலஸ்டின் அவள் கையைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தான்.

"அம்மா, உங்க விவரத்த மறுபடி பகிரலாமான்னு இவங்க கேக்குறாங்க. சம்மதமா?"

அம்மா என்னை நிதானமாகப் பார்த்தாள். "நல்ல பிள்ளையாத்தான் தெரியுது. காலைல எனக்குத் தலை வாரி விட்டுச்சு."

"அப்ப சம்மதம்னு சொல்லிருங்கம்மா." அப்படி அவன் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எனக்காகக் கொடுத்தான்.

அம்மா கையை வெடுக்கென்று இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "வேணாம் தம்பி. தெரியாதவங்க கேட்டா எதையும் சொல்லக் கூடாதுன்னு எம்மக சொல்லியிருக்கா. கோவக்காரி. தெரிஞ்சா வைவா."

"அம்மா, நாந்தாம்மா," என்றேன். அம்மா செலஸ்டின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். என் குரலில் யார் யாரோ பேசுவார்கள் என்றும் நான்தானே சொல்லி வைத்திருந்தேன்.

செலஸ்டின் என்னைப் பார்த்தான். குரல் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. "வேற வழியில்லக்கா," என்று முணுமுணுத்துவிட்டு மறுப்பை அழுத்தினான்.

வெளியே ஆட்டோ காத்திருந்தது. எழுப்பிவிடக் கையை நீட்டினேன். அம்மா பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கெளம்புங்கம்மா," என்றாள். "எம்மக இந்த ஆபீஸ்லதான் வேல பாக்குறா. அவ வந்து கூட்டிட்டுப் போவா."