தகடு தங்காத கால்

ரசமட்டத்தின் குமிழி மறுபடியும் ஓரத்துக்குப் போயிருந்தது. சனிக்கிழமை இங்க்ரிட் அதை நடுவில் நிறுத்திவிட்டு, இரும்பும் காங்கிரீட்டும் ஒன்றோடொன்று பழகட்டும் என்று தரை போல்ட்டுகளை இறுக்காமல் போயிருந்தாள். ராக்ஃபோர்டு பட்டறைகளில் லேத் எந்திரம் இறக்குகிற எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். இப்போது திங்கள் காலை, கூரைப் பனி உருகிச் சொட்டும் சத்தத்துக்கும் பழைய எண்ணெய் வாடைக்கும் நடுவே, லேத்தின் கடைசிக் காலுக்கு அடியில் மட்டத்துக்காக அவள் செருகிய எஃகுத் தகடு பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இந்த லேத் கவிழ்ந்து ஒரு ஆளை நசுக்கியது என்று ஏலத்திலேயே சொன்னார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை. நமக்கு மட்டும் ஏன் புத்தி இப்படிப் போனது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மரக்கட்டையால் தகட்டை உள்ளே தட்டினாள். அவள் நிமிர்வதற்குள் அது மெல்ல உரசிக்கொண்டு வெளியே வந்தது. 

"ஆர்விட், இங்க வாடா."

தம்பி காபியோடு வந்தான். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"தகடு தானா வெளிய வருதுடா."

"எண்ணெய் வழுக்குது. இதுக்குப் போய் இந்த அலறலா? காலைத் தூக்கிப் புடி, தொடச்சு வைக்கிறேன்."

"கையை உள்ள விடாத. கட்டையால தள்ளு."

"கட்டை தொடைக்குமா? நீ ஸ்பேனரை விடாம இரு, போதும்."

அவள் காலைத் தூக்கும் திருகில் ஸ்பேனரை மாட்டித் திருகினாள். கால் இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பியது. ஆர்விட் குப்புறப் படுத்து, துணியோடு கையை உள்ளே விட்டான்.

ஸ்பேனர் அசைந்தது. எதிர்ப்பக்கமாக.

உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். விட்டால் தம்பியின் கை போய்விடும்.

"கையை எடுடா!"

"வரலைக்கா." அவன் மறு கையைத் தரையில் ஊன்றினான். "உள்ள யாரோ புடிச்சிருக்காங்க."

"இழு!"

இழுத்தான். முனகினான். கை வந்தது. முழுதாக.

அதைப் பற்றிக்கொண்டு இன்னொரு கையும் வந்தது. காகிதம்போலத் தட்டையாக.

ஸ்பேனரை விட்டாள். லேத் தடாலென்று அந்தத் தட்டைக் கையின்மேல் இறங்கியது. கை நசுங்கவில்லை. நசுங்க அதில் எதுவும் மிச்சமில்லை.

முழங்கை வந்தது. தோள் வந்தது.

பிறகு தரையோடு தரையாக ஒரு முகம் வெளியே வந்து, ஆர்விட்டின் பக்கம் திரும்பியது.