பாவே ஐயா வீடு மாறிய வழக்கு

மனித நாகரிகம் சரியத் தொடங்கியது, முதன்முதலில் ஒருவன் ஒரு மீனுக்குப் பெயர் வைத்த நாளில்தான் என்று ஷிமுன் அறிவித்தார். அவர் குரலில் விளையாட்டுத்தனம் துளியும் இல்லை. இருபத்தாறு வருடம் கப்பல் கேண்டீனில் காப்பி ஊற்றியவர். உலகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை.

"மீனுக்கு ரெண்டே இடம்தான் அண்ணி. ஒண்ணு கடல், இன்னொண்ணு தட்டு. நடுவுல கண்ணாடிப் பெட்டியில வெச்சு, 'சாப்டியாடா கண்ணு'ன்னு கொஞ்சுறவன நாட்டை விட்டே அனுப்பணும்."

"அனுப்பலாம்" என்றார் பெரினா, செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல். காப்பீட்டுக்காக, சேதமான கப்பல்களைப் பார்த்துப் பொய் எது மெய் எது என்று சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு ஸ்ப்ளிட் என்ற அந்தத் துறைமுக நகரத்தில் பாதிப் பேர் தங்கள் மர்மங்களை அவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொட்டினார்கள். இறந்துபோன கணவரின் தம்பி என்ற உரிமையில் ஷிமுன் தானாகவே உதவியாளர் பதவியை எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. பல் செட் செய்யும் நேடா, கண்கள் வீங்கி, கோட்டின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"பாவே ஐயா சாகப்போறாரு" என்றாள்.

ஷிமுன் உடனே எழுந்து தொப்பியைக் கழற்றினார். "எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"அவரு மீன்."

ஷிமுன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

நேடா சொன்னது இதுதான். ஒன்பது வருடமாக அவள் வளர்க்கும் பவளத் தொட்டி. பழைய ஸ்டாண்ட் ஈரத்தில் உப்பிப்போனதால், பத்து நாளைக்கு முன் புது ஸ்டாண்டுக்கு மாற்றினாள். பவளம், கல், மீன், பழைய தண்ணீர் எல்லாவற்றையும் பீப்பாய்களில் எடுத்து, அதே வரிசையில் திரும்ப வைத்தாள். அன்று எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பவளங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பாவே ஐயா வளைக்குள் ஒண்டிக்கொண்டார்.

"என் மாமனாரு தொட்டியைக் கண்டாலே திட்டுவாரு. 'வாசல்ல கடலு கெடக்கு, இவ உப்புப் பவுடரைக் கரைச்சுக் கடல் பண்றா'ன்னு. இன்னைக்குக் காலைல, என்ன ஊத்தினீங்கன்னு கேட்டேன். கேட்டதும், 'ஆமா, நான்தான்'னு ஒத்துக்கிட்டாரு. அவர் தங்கச்சி வீடு ஷோல்டாத் தீவுல. அஞ்சு மணிக் கப்பல்ல கிளம்பிடுங்கன்னு சொல்லிட்டேன்."

"அவரே ஒத்துக்கிட்டாரே. அப்புறம் நாங்க எதுக்கு?" என்றார் ஷிமுன்.

"என்ன ஊத்தினார்னு தெரியணும்ல? முதல்ல வினிகர்ங்கிறாரு, அப்புறம் ப்ளீச்சுங்கிறாரு. எதுன்னு தெரியாம நான் எதை வெச்சுக் காப்பாத்துறது?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஆனால் குரல் உடையவில்லை. "விடமாட்டேன். அஞ்சு மணிக்குள்ள தெரிஞ்சாகணும்."

பெரினா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

நேடாவின் வீடு இரண்டாம் மாடி. கதவருகே ஒரு பழைய தோல் பை தயாராக இருந்தது. பைக்குப் பக்கத்தில், பையை விடப் பழையவராக, மாமனார் அந்த்ரியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆயுள் முழுக்க மீன் பிடித்தவர்.

நேடாவின் கணவன் ரோக்கோ இடது குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நொண்டிக்கொண்டு வந்து கைகொடுத்தான்.

"காலுக்கு என்னப்பா?" என்று கேட்டார் பெரினா.

"பழைய ஸ்டாண்டை உடைக்கும்போது மரச்சிராய் ஏறிடுச்சு. அப்பாதான் எடுத்துக்கிட்டு இருக்காரு."

சமையலறை மேடையில் ஓர் ஊசியும் சிறு கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெயும் இருந்தன. ஷிமுன் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் தொட்டியின் முன் மண்டியிட்டிருந்தார், கடமைக்காக. நீல வெளிச்சத்தில் பவளங்கள் மூடிய முஷ்டிகளாக இருந்தன. மணலில் ஒரு வளை. வளை வாயில் விரல் நீள மஞ்சள் மீன் ஒன்று சோர்ந்து கிடந்தது. பக்கத்தில் ஓர் இறால், கண் சரியாகத் தெரியாத பிராணி, ஒரு மீசையை மீனின் வால்மேல் வைத்தபடி மணலைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அது வளை தோண்டும், இவரு காவல் நிப்பாரு. ஆபத்துன்னா வாலை ஆட்டுவாரு. இப்ப ஆட்டக்கூடத் தெம்பில்ல" என்றாள் நேடா.

"வார்னிஷ்" என்றார் ஷிமுன் கம்பீரமாக. "புது ஸ்டாண்டோட வார்னிஷ் வாசனை. வழக்கு முடிஞ்சது."

"வார்னிஷே அடிக்கல சார். அலுமினிய ஸ்டாண்ட்."

"அப்ப கீழ் வீட்டு ஃபானியம்மா! தொட்டி கூரையைப் பிச்சுக்கிட்டு தன் தலைல விழும்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா."

"அவங்க மகளோட பிரசவத்துக்குப் போய் ஒரு மாசம் ஆகுது."

"அப்ப யூகோதான்" என்றார் ஷிமுன். தெற்குக் காற்றான யூகோ அடித்தால் அந்த ஊரில் தலைவலி, விவாகரத்து, புளித்த பால் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். ரோக்கோ, "நானும் அதைத்தான் சொன்னேன்" என்று ஆர்வமாகத் தலையாட்டினான்.

பெரினா ஸ்டாண்டின் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய கேன், ஒரு குட்டிப் பம்பு, தொட்டி விளிம்புக்கு ஏறும் மெல்லிய குழாய். "இது என்ன?"

"தண்ணி ஆவியாகி தினமும் குறையும். அதை இது தானா நிரப்பும். இதுல இருக்கிறது உப்பே இல்லாத, வடிகட்டின தண்ணி. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது பாருங்க. அதனால நல்ல தண்ணிதான் சேர்க்கணும். மாத்துறதுக்கு முன்னாடியே நிரப்பி வெச்சிருந்தேன்."

"உப்பு எவ்வளவுன்னு அளந்தியா?"

"மாத்தின அன்னைக்கு அளந்தேன். சரியா இருந்துச்சு. அப்புறம் அந்தக் கருவி கைதவறி உடைஞ்சுது. புதுசு இன்னும் வரல. ஆனா நான் உப்பே சேர்க்கலையே, எப்படிக் கூடும்? மத்த எல்லாச் சோதனையும் பண்ணிட்டேன்."

"மாத்தி முடிச்சதும் யாரு இங்க இருந்தது?"

"நான் சுருண்டு படுத்துட்டேன். பாவம், ரோக்கோதான் வீட்டையே துடைச்சாரு. கம்பளத்தைக்கூட அலசிக் காயப்போட்டாரு."

பால்கனியில் கனமான கம்பளம் ஒன்று இன்னும் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. பெரினா குழாயின் வாயைப் பார்த்தார். அங்கே வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினார். சோகம், மகிழ்ச்சி எதுவும் காட்டாத முகத்தோடு நிமிர்ந்தார்.

"தம்பி, எல்லாருக்கும் காப்பி போடு. இந்தக் கேன் தண்ணில போடு. சுத்தமான தண்ணியாம்."

தன் திறமைக்கு வாய்ப்பு கிடைத்த மகிழ்ச்சியில் ஷிமுன் ஐந்து கோப்பை தயார் செய்தார். எல்லோரும் தொட்டி முன்னால் கூடினார்கள். கேண்டீன் மரபுப்படி முதல் மிடறு அவருடையது. குடித்தார். கண்கள் பிதுங்கின. ஜன்னலுக்கு ஓடினார்.

ரோக்கோ ஒரு வாய் குடித்துவிட்டு இருமினான். நேடா உதட்டில் பட்டதுமே கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது.

"இது... இது உப்பு!"

"என்னைத் தவிர இன்னொருத்தரும் தொடவே இல்ல" என்றார் பெரினா. அந்த்ரியாவின் கோப்பை நிறைந்தபடியே இருந்தது. "காப்பின்னா கப்பலையே நிறுத்துற மனுஷன். இந்தக் கேன்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், இல்லையாண்ணே?"

"அதான் நான்தான்னு சொல்லிட்டேனே" என்று உறுமினார் கிழவர். "கப்பலுக்கு நேரமாச்சு."

"ப்ளீச் ஊத்தியிருந்தா முதல்ல அந்த இறாலு போயிருக்கும். அது இன்னும் மண்ணு வாருது. நீங்க எதையும் ஊத்தல. ஊத்துனவரைக் காப்பாத்துறீங்க." பெரினா ரோக்கோவின் பக்கம் திரும்பினார். "நல்ல தண்ணி சொட்டுற குழாய்ல உப்புப் பூக்காது. அப்ப கேன்ல நல்ல தண்ணி இல்ல. கம்பளம் பத்து நாளாகியும் ஏன் காயல? உப்புத் தண்ணில அலசினா ஈரம் போகவே போகாது. அப்புறம் உன் குதிகால். மரச்சிராய்க்கு ஊசி போதும். ஆலிவ் எண்ணெயில ஊறவெச்சு எடுக்குறது எந்த முள்ளு, தம்பி?"

"கடல் முள்ளெலி!" என்று ஜன்னலிலிருந்து கத்தினார் ஷிமுன். கடலோரப் பாறையில் ஒட்டியிருக்கும் அந்த முட்பந்தை மிதித்துவிட்டு வந்த அவர் காலிலும், சின்ன வயதில் ஒவ்வொரு கோடையும் அதே வைத்தியம்தான் நடந்தது.

"மார்ச் மாசம். ஒருத்தரும் குளிக்கப் போகாத குளிர். வெறுங்காலோட பாறைல எதுக்கு இறங்கினே?"

ரோக்கோ சுவரோரம் ஒண்டிக்கொண்டான். சற்றுமுன் வளைக்குள் பார்த்த மீனைப் போலவே.

"துடைக்கும்போது கேன் சாஞ்சுடுச்சு" என்றான். "எல்லாம் கம்பளத்துல. இவ மூணு மாசமா தூங்காம திட்டம் போட்ட வேலை. எழுந்தா என்ன சொல்றதுன்னு பயம். கீழ இறங்கி, கம்பளத்தைக் கடல்லயே அலசி, கேனையும் நிரப்பிட்டு வந்துட்டேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே? நம்ம கடலை விடச் சுத்தமானது எது இருக்கு? சத்தியமா அதனாலன்னு எனக்குத் தோணவே இல்ல நேடா. யூகோன்னுதான்..."

"தினம் தினம் தண்ணி ஆவியாச்சு, உப்பு தங்கிச்சு. அதுக்கு மேல நீ இன்னும் உப்பு" என்றாள் நேடா மெதுவாக. "அதுலயும் நம்ம கடலு, இதுங்க பொறந்த கடலைவிட உப்பு ஜாஸ்தி." பிறகு மாமனாரைப் பார்த்தாள். "மாமா, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு அவன் கேனோட கடல்லேருந்து வந்ததையும், கால்ல முள்ளையும் பார்த்தப்பவே" என்றார் அந்த்ரியா. "அது ஏதோ சண்டையில முடியும்னு தெரியும். அவனை நீ விரட்டினா எங்க போவான்? நான்னா, தங்கச்சி வீட்டுல ஒரு கட்டில் இருக்கு."

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. யாரும் நகரவில்லை. நேடா கதவருகே போய் அந்தத் தோல் பையைத் தூக்கி உள்ளறையில் வைத்துவிட்டு வந்தாள். பம்பின் ஒயரைப் பிடுங்கினாள்.

"ரோக்கோ, வடிகட்டின தண்ணி வாங்கிட்டு வா. நொண்டிக்கிட்டே போ. மாமா, உப்புப் பார்க்க உங்க நாக்கு எனக்கு வேணும், கருவி வர்ற வரைக்கும். ஒரே நாள்ல உப்பை இறக்கினா அதிர்ச்சியில செத்துடும். கொஞ்சம் கொஞ்சமா, பல நாள். யாராவது பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"எங்க ஷிமுன் சும்மாதான் இருக்கான்" என்றார் பெரினா.

நாலாம் நாள் பிற்பகல். நேடா வேலைக்குப் போயிருந்தாள். அவள் கொடுத்திருந்த சாவியைத் திருப்பிப் பெரினா உள்ளே வந்தபோது, ஷிமுன் கதவுக்கு முதுகைக் காட்டி, தொட்டியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூலையில் ஒரு பவளம் பாதி விரிந்திருந்தது. மஞ்சள் மீன் வளையை விட்டு ஒரு விரல்கடை வெளியே வந்து நின்றது.

ஷிமுன் இடமும் வலமும் பார்த்தார். பின்னால் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நோக்கிக் குனிந்தார்.

"என்ன பாவே ஐயா," என்றார் தாழ்ந்த குரலில், "சாப்டீங்களா?"

மீன் வாலை ஒருமுறை ஆட்டியது. பெரினா சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினார்.