இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சூடம் கொளுத்தி அணைக்கச் சொன்னாலும் அணைக்கலாம். ஓர் எழுத்து பொய்யென்றால் சொன்ன நாக்கு புண்ணாகிப் போகட்டும். போனால் நுனிநாக்குக்கு ஒரு மருத்துவர், அடிநாக்குக்கு வேறொருவர் என்று அலைய வேண்டும். அந்த அலைச்சல் தெரிந்தவர் எவரும் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார்.

சங்குத்துறை, 2093. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் செலஸ்டினா, காலை ஏழு மணிக்கு வட்டார மருத்துவமனையின் தேர்வுப் பலகை வரிசையில் நின்றாள். பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு துறைகள் ஒளிர்ந்தன. எந்தத் துறை என்று நோயாளிதான் விரல் வைக்க வேண்டும். மருத்துவமனை ஆட்கள் யோசனை சொன்னால் லைசென்ஸ் போய்விடும். ஆகவே யோசனை சொல்லும் வேலையை வரிசையே எடுத்துக்கொண்டிருந்தது. ஏலக்கூடத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல, முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கட்டியை ஒருவர் அமுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

செலஸ்டினாவுக்கு வலது அக்குளில் கட்டி. நெல்லிக்காய் அளவு. கையைத் தூக்கினால் உயிர் போய்விட்டு வந்தது. பளுதூக்கியின் கைப்பிடியோ தலைக்கு மேலே இருக்கிறது. பின்னால் நின்ற உப்பளத்துப் பேச்சித்தாய் இரண்டு விரலால் தடவிப் பார்த்து, தன் கொழுந்தனுக்கு முதுகில் வந்ததும் இதே சாதிதான், தயங்காமல் தோல் துறையைத் தொடு என்றாள். செலஸ்டினா தொட்டாள்.

தோல் மருத்துவர் கமலக்கண்ணன் மரியாதையானவர். ஆழமானியைக் கட்டியின்மேல் வைத்து அழுத்தினார். கட்டி வழுக்கி உள்ளே போனது. மானி 2.3 என்று காட்டியது. அவர் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். உடல் பகுப்புச் சட்டப்படி இரண்டு மில்லிமீட்டர் வரைதான் தோல். அதற்குக் கீழே கொழுப்புத் துறையின் எல்லை. தவறான தேர்வு என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டு வாங்கியவர் நாற்பது நாளைக்குப் பலகையைத் தொட முடியாது.

நாற்பது நாளில் நெல்லிக்காய் எலுமிச்சம்பழமானது. கொழுப்பு மருத்துவர் தமயந்தியிடம் புதுவகை ஒளிமானி இருந்தது. உடம்பைத் தொடாமலே அளக்கும். யாரும் அமுக்காததால் கட்டி நிம்மதியாக மேலே வந்து உட்கார்ந்தது. 1.9. மறுபடியும் சீட்டு, மறுபடியும் நாற்பது நாள். துறைமுகத்தில், இனி இடக்கையால் ஓட்டினால் பளுதூக்கிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் முறை அவள் பலகையைத் தொடவில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் வராமல் நகரமாட்டேன் என்றாள். வந்தார்கள். தரையில் இரு துறைகளையும் பிரிக்கும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டி சிவந்து பளபளத்தது.

"நீங்க சரியாத் தேர்ந்தெடுத்திருந்தா..." என்று தொடங்கினார் கமலக்கண்ணன்.

"என்னன்னு எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்குய்யா உங்ககிட்ட வாறேன்? நான் பளுதூக்கி ஓட்டுறவ. கப்பல்ல இருந்து பெட்டியத் தூக்கிட்டு, இது யாரு பெட்டின்னு விசாரிச்சிக்கிட்டு அந்தரத்துல தொங்க விடமாட்டேன். முதல்ல தரையில வைப்பேன்."

இருவரும் தலைகுனிந்தார்கள். தமயந்தியின் கை மெல்ல உயர்ந்து கோட்டைத் தாண்டியது. பிறகு அவர் கூரையிலிருந்த கேமராவைப் பார்த்தார். கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வராத கையைக்கூட மன்னித்துவிடலாம். வந்துவிட்டுத் திரும்பிய அந்தக் கையைச் செலஸ்டினாவால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கோபத்தோடு நடந்தவள் நின்ற இடம் உப்பளச் சாலையிலிருந்த கால்நடை மருத்துவமனை. சட்டம் பகுத்தது மனித உடலைத்தான். மாடு இன்னும் முழுசாகவே இருந்தது. பதிவு எழுதுகிறவர் என்ன இனம் என்று கேட்டார்.

"மாடுன்னு எழுதுங்க."

"கொம்பு?"

"கொம்பு இருந்தா இந்நேரம் ரெண்டு பேரைக் குத்தியிருப்பேன்."

கால்நடை மருத்துவர் அருணகிரி சாணி ஒட்டிய பூட்ஸோடு வந்தார். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சாப்பாடு இறங்குகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். கடைசியில்தான் கட்டியருகே மூன்று விரலை வைத்தார்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

எண்பது நாளில் யாரும் கேட்காத கேள்வி. அவர் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறிச் சீழை எடுத்தார், ஒரு துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினார், கட்டுப் போட்டார். விதிப்படி காதில் மாட்டுக்கான மஞ்சள் அடையாள வில்லையும் குத்தினார். ஐந்தாம் நாள் செலஸ்டினா வில்லை ஆட, வலது கையை உயர்த்திக் கைப்பிடியைப் பிடித்தாள். துறைமுகமே அண்ணாந்து பார்த்தது.

சங்குத்துறையின் ஒரே கால்நடை மருத்துவமனையை 2081-லேயே இடித்துவிட்டார்கள். சத்தியம் செய்த நாக்கின் நுனியில் இப்போதே ஒரு புண் கிளம்புகிறது.