கட்டிவைத்த சுவிட்ச்

கரண்ட் போய், கையிலிருந்த கிரைண்டர் மிஷினின் அறுக்கும் தட்டு சுற்றி ஓய்ந்த பிறகும், மேலே ஏதோ முனகியது.

மரியராஜ் காதைத் தீட்டிக்கொண்டான். செங்கல் அடுக்குகளின் மேல் கிடத்திய இரும்பு பீரோவுக்கு அடியில், மல்லாந்து படுத்து, கால்களை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, அடிப்பக்கத் தகட்டின் பிசிறை அறுத்துக்கொண்டிருந்தான். நத்தத்துக்குப் போகவேண்டிய சீர் பீரோ. விடிந்தால் வண்டி வந்துவிடும். பேகம்பூரில் அந்தத் தெருவே இருண்டு கிடக்க, கருகிய இரும்பின் வாடையும் பெயிண்ட் நெடியும் பக்கத்துக் கடையின் பதப்படுத்திய தோல் நாற்றமும் சேர்ந்து மூக்கை அடைத்தன. செத்த நேரத்தில் கரண்ட் வந்துவிடும், இதற்காக யார் ஊர்ந்து வெளியே போய்த் திரும்ப வருவது என்று மிஷினை நெஞ்சின் மேலேயே சாய்த்துக்கொண்டான். சோம்பல்தான், வேறென்ன.

மறுபடி முனகல். கன்னத்தில் செங்கல் பொடி உதிர்ந்தது. ஐயோ என்று புரள்வதற்குள் தலைமாட்டுச் செங்கல் நழுவி, பீரோ அவன் மேல் இறங்கி உட்கார்ந்தது.

சாகவில்லை. கால்மாட்டுச் செங்கற்கள் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொண்டன. ஆனால் வலது கை தோளோடு மாட்டிக்கொண்டது. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு துளித்துளியாகத்தான் வந்தது. பீரோவுக்கும் நெஞ்சுக்கும் நடுவே மிஷின். தட்டு செங்குத்தாக நின்று, அதன் விளிம்பு தொண்டையைத் தொட்டும் தொடாமலும், இன்னும் சூடாக இருந்தது.

அப்போதுதான் சுவிட்ச் நினைவுக்கு வந்தது.

விரல் கடுக்கிறதென்று சுவிட்சை அமுக்கிவைத்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். கையை எடுத்தால் நிற்கவேண்டிய மிஷினை, எடுத்தாலும் நிற்காத மிஷினாக அவனே ஆக்கியிருந்தான். மூலையில் இடிக்கிறதென்று தட்டின் மூடியைக் கழற்றியதும் அவன்தான். பிளக் கழன்று விழுகிறதென்று ஒயரை நேராக போர்டுக்குள் முறுக்கி முடுக்கியதும் அவனேதான். சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் அவன் மனைவி ஜெசிந்தா கத்துவாள், "அந்தக் கட்ட அவுத்துத் தொலைய்யா. பயமே கெடையாதா ஒனக்கு?" அவன் சிரிப்பான்.

கரண்ட் வந்தால் தட்டு சுற்றும்.

இடது கையை நெளித்து நெளித்து நுழைத்தான். டியூப் முடிச்சின் நுனி நகத்தில் பட்டது. இழுத்தான். வியர்வையில் வழுக்கியது. மாதாவே. மறுபடி இழுத்தான். வழுக்கியது. ஒயரைப் பிடித்துச் சுண்டினான், அசையவில்லை. வெளியே பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து செருப்புச் சத்தங்கள் வந்தன, போயின. கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ஒரு செருப்புச் சத்தம் வாசலில் நின்றது. உள்ளே வந்தது.

"மரியாண்ணே, இருக்கீங்களா?" பக்கத்துத் தோல்கடை மீரான். இருட்டில் அவன் கால் மரியராஜின் காலில் இடறியது. "அட, கரண்டு போனதும் படுத்தாச்சா! குடுத்து வச்சவருண்ணே நீங்க."

மரியராஜ் காலை உதறினான். குதிகாலால் தரையை அடித்தான்.

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. டிரான்ஸ்பார்மர் போயிருச்சாம். இன்னைக்கு வராதுங்குறாங்க."

வராது. கண்ணில் நீர் முட்டியது. வராதாம்! விடியவிடியக் கிடந்தாலும் பரவாயில்லை. ஜெசிந்தா தேடிக்கொண்டு வந்துவிடுவாள். அவனுக்குச் சிரிப்புகூட வரும்போல இருந்தது.

"அதுக்காகக் கல்யாண பீரோவ நிப்பாட்ட முடியுமா? புதுசா ஜெனரேட்டர் எறக்கிருக்கேன்ணே. நீங்க டீ குடிக்கப் போனப்ப ஒங்க போர்டுக்கும் லைன் இழுத்து விட்டாச்சு. இருங்க, போட்டு விடுறேன்."

இல்லை. மீரான். வேண்டாம். உதடு அசைந்தது.

செருப்புச் சத்தம் போய்விட்டது.

நகம் முடிச்சைக் கீறியது. கீறியது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கும் சத்தம். கர்ர். ஓய்ந்தது.

நகம் பிய்ந்தது. இன்னொரு விரல்.

கர்ர்ர். ஓய்ந்தது.

இளகியதா? கொஞ்சம். இன்னும் கொஞ்சம். மாதாவே.

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

"வந்துருச்சாண்ணே?" மீரான் சந்தோஷமாகக் கத்தினான்.

பல்பு எரிந்தது. கண்ணுக்குக் கீழே தட்டின் விளிம்பு, சொரசொரப்போடு, ஒரு கணம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு அந்தச் சொரசொரப்பு கலங்கி, மழுங்கி, விளிம்பே இல்லாமல் போனது.