உலரப் போட்ட சடை

நேற்றுச் சாயங்காலம் நாற்காலியின் முதுகில் உலரப் போட்ட சவுரிமுடி, இன்று காலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சின்னவள் அறைக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். வயது ஐம்பத்தாறு ஆனாலும் அந்த வீட்டில் அவள் சின்னவள்தான். பெரியவள் என்றால் அக்கா. பதின்மூன்று மாதமாக வியாழன் தவறாமல் அலசி, அதே நாற்காலியில், அதே இடத்தில் போடுகிறாள். நுனி எப்போதும் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். இன்று அது தரையில் படிந்து, லேசாகச் சுருண்டு, தூங்குகிற பூனையின் வால் போல் கிடந்தது.

ஈரத்தில் நீண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வெட்டிப் போட்ட விறகு துளிர்க்குமா என்ன?

அந்தத் தெருவில் அவர்கள் வீட்டுக்குச் சடை வீடு என்று பெயர். அந்த வீட்டுப் பெண்கள் முடி வெட்டியதில்லை. வெளியாள் கை அவர்கள் தலையில் பட்டதில்லை. ஒட்டுமுடி வைத்ததில்லை, "ஒட்டுமுடி வைக்கிறவளுக்கு உறவும் ஒட்டாது" என்று அவர்கள் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சகோதரிகள் இருவரும் இரட்டைப் பின்னலைக் கிரீடம்போல் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனால், "கவரிமான் பரம்பரை வருது, வழி விடுங்கடி" என்று தெருப் பெண்கள் கேலி பேசுவார்கள். சின்னவள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்?

போன வருஷம் வந்த காய்ச்சல் அவள் முடியைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. மிஞ்சியது எலிவால். ஆறு வாரம் அவள் வாசலுக்கே வரவில்லை. ஏழாவது வாரம் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். அறுபத்தொன்றிலும் ஒரு நரை இல்லாமல், முழங்கால்வரை கருகருவென்று சடை. "நான் தலைவாரி விடணும், யாரும் உள்ளே வராதீங்க" என்று சின்னவள் கதவைச் சாத்தினாள். உண்மையில் வாரத்தான் செய்தாள். அழுதுகொண்டே, சிக்கெடுத்து, நுனிவரை பின்னினாள். பின்னி முடித்த பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரே வெட்டில் அறவில்லை. நான்கு முறை. ஈர மணலில் நடப்பது போன்ற சத்தம். பிறகு அக்காவின் நெற்றிவரை துணியை இறுக்கிச் சுற்றிவிட்டு வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "முழுச்சடையோட போறா."

அக்காவின் மகள் அன்று தாயின் காலடியில் விழுந்து அழுதாள். தலைப்பக்கம் அவளை விடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம். தாய் இல்லாததால் சித்திதான் சடை பின்னிவிட வேண்டும். சித்தியின் தலையையும் நூறு கண்கள் பார்க்கும்.

சின்னவள் சவுரியை மடியில் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் உட்கார்ந்தாள். நீள முடியை நுனியிலிருந்துதான் சிக்கெடுக்க வேண்டும். நுனி நேரானதும் ஒரு சாண் மேலே, அதுவும் நேரானதும் இன்னொரு சாண். மேலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் ஒன்றாகி இறுகிவிடும். அகலப் பல் மரச்சீப்பு இறங்க இறங்க, தேங்காயெண்ணெய் வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை எழுந்தது. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வருகிறவளின் தலை வாசனை. வியர்வையும் தலையணையும் கலந்தது. ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் தூங்கி எழுந்தவளுக்கு அது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சீப்பு மேலே ஏறியது. சவுரியில் பின்னுவதற்காகப் பிரித்த மூன்று கால்களையும் சேர்த்து அவளே கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டிய தலைப்பு. அந்தக் கட்டுக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு, முடி வெள்ளையாக இருந்தது.

சாயம் போனதென்று நினைக்க வழியில்லை. இந்த முடி சாயம் கண்டதே இல்லை.

சீப்பு ஒரு சிக்கில் மாட்டியது. வெடுக்கென்று இழுத்தாள்.

"ஸ்ஸ்… மெதுவாடி."

பின்னாலிருந்து. மிகக் கிட்டத்தில்.

அவள் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். சாத்திய கதவு, நாற்காலி, சுவர். தானும் தன் எலிவாலும். வேறு யாரும் இல்லை. இந்த வீட்டில் மனிதக் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது. பயத்துக்கு நடுவிலும், இன்னொரு முறை கேட்காதா என்று ஒரு பாழும் ஏக்கமும் வந்தது.

எரித்துவிடலாம். குழி தோண்டிப் புதைத்துவிடலாம். ஆனால் நாளை எதை வைத்துக்கொண்டு சபையில் நிற்பது? பயமா மானமா என்று கேட்டால் அந்த வீட்டுப் பெண் என்ன சொல்வாள்? எலிவாலை இறுக்கி முடிந்து, சவுரியைச் சேர்த்துப் பின்னி, பிடரியில் சுற்றி, ஊசிகளைக் குத்தினாள். கொண்டை இளஞ்சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் தலையை எடுத்த தலையணை மாதிரி.

நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. கதவு தடதடத்தது.

"என்ன சித்தி, மூணு தாழ்ப்பாள் போட்டிருக்கீங்க? உள்ள புதையலா?" என்று நனைந்தபடி உள்ளே வந்தாள் கல்யாணப் பெண்.

"வந்ததும் வாயாடாதே. முதல்ல தலையைத் துவட்டு. அழுத்தித் தேய்க்காம, ஒத்தி எடு."

"மாப்பிள்ளை வீட்ல பார்லர் அம்மாவை அனுப்பறேன்னாங்க. எங்க சித்தி சீப்பாலயே அடிச்சு விரட்டுவாங்கன்னு சொல்லிட்டேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கே."

பெண் சிரித்தாள். பிறகு சித்தியின் கொண்டையைப் பார்த்தாள். "காய்ச்சல்ல முடியெல்லாம் கொட்டிப்போச்சுன்னு அம்மா போன்ல அழுதாங்களே. இப்ப பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு."

"உங்கம்மா எதுக்குத்தான் அழல? திரும்பி உக்காரு."

கண்ணாடிமுன் முக்காலியில் பெண். பின்னால் நாற்காலியில் அவள். இன்றைக்கு ஒருமுறை பின்னிப் பார்த்துவிட்டால் நாளை கை தடுமாறாது. நடு வகிடு எடுத்து, கூந்தலை இரண்டாகப் பிரித்து, விரல் நுனியை நனைத்துக்கொண்டு இடது பின்னலைத் தொடங்கினாள். முழங்கால்வரை வரும் முடி, தாயின் முடியேதான். பின்னலைக் காதுக்கு மேலே ஏற்றி, தலையைச் சுற்றிக் கொண்டுபோய், நுனியை உள்ளே மறைத்து, ஊசி வெளியே தெரியாமல் குத்தினாள். வலது பின்னலை எடுத்தாள். பெண் கண்ணை மூடிக்கொண்டாள். மழைச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

"சித்தி."

"ம்."

"கடைசியா அம்மாவுக்கு நீங்கதானே பின்னி விட்டீங்க?"

விரல்கள் நின்றன. சொல்லிவிடலாம். வீட்டில் இரண்டே பேர்தான். கேட்பது அக்கா பெற்ற பெண்தான். வாய்வரை வந்தது. வாசல் தாண்டிப் போனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்ற எண்ணம் அதை அங்கேயே நிறுத்தியது.

"நான்தான். முழுச்சடை. முழங்கால் வரைக்கும்."

"அது போதும் சித்தி. அதை நினைச்சுத்தான் நான் தூங்கறேன்."

டிக்.

தரையில் ஒரு கொண்டை ஊசி விழுந்தது. இன்னொன்று. பிடரியில் பாரம் தளர்ந்தது. அவள் குனியவில்லை, வலது பின்னலின் மூன்று கால்களும் கையில் இருந்தன, விட்டால் அவிழ்ந்துவிடும். இன்னும் இரண்டு ஊசிகள். சின்னவளின் பின்னல் தோள்வழியே சரிந்து இறங்கியது. மெதுவாக. இறங்கி முடியாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

"சித்தி, நெத்தியில கையை வச்சுக்கிட்டே எப்படிப் பின்றீங்க?" கண்ணைத் திறக்காமல் பெண் கேட்டாள். "சுகமா இருக்கு. எடுக்காதீங்க."

சின்னவள் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் பின்னலில் இருந்தன.

விட்டுவிட்டாள். கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

பின்னல் நிற்கவில்லை.

இடது கால், வலது கால், நடுக் கால். ஒன்றன்மேல் ஒன்று. நிதானமாக. அவள் தோளிலிருந்து வந்த கறுப்பு அதில் புகுந்தது. பெண்ணின் முடி எது, சவுரி எது என்று பிரியாமல் புகுந்தது. எழப் பார்த்தாள். பிடரி சுண்டி இழுத்தது. எலிவால் வேரோடு வலித்தது. பெண்ணின் தலையும் கூடவே அசைந்தது.

வெட்டினால்தான் பிரியும். மணப்பெண்ணின் சடையை. அவள் கையால்.

"ஏன் சித்தி இழுக்கறீங்க?"

சின்னவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகு கிறீச்சிட்டது. யாரோ அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார இடம் பார்ப்பது போல. அவள் பிடரியில் விரல்கள். அவளுடைய சொற்ப முடியைப் பிரித்தன. நுனியிலிருந்து. நுனி நேரானதும் கொஞ்சம் மேலே. முறைப்படி.

பெண் கண்ணைத் திறந்தாள். கண்ணாடியில் அவள் பார்வை சித்தியின் முகத்தில் நிற்கவில்லை. தோளுக்கு மேலே போய் நின்றது. முகம் மலர்ந்தது. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, மலர்ந்தது அத்தனையும் வாடியது.

"அம்மா…" என்றாள் பெண். "முடி எங்கம்மா?"

ஒரு தலை முன்னால் சாய்ந்து, களைத்துப்போனவள்போல் சின்னவளின் தோளில் மெல்லப் படிந்தது. நான்கு வெட்டில் அறுத்த முடியின் கட்டை முனைகள் அவள் கழுத்தில் குத்தின.