இரட்டைச் சுருள்

இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிருபாபாய் சொன்னதுதான் ஜெயதாஸுக்கு முதலில் உறுத்தியது. கல்யாணமாகி இந்தக் குன்னத்துகால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவன் கிட்டாரைக் கரண்டில் மாட்டும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து பாத்திரத்தை ஓங்கி வைத்துத் தன் எதிர்ப்பைத் தெரிவித்தவள் அவள். இன்று அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"பழையதே கிடக்கட்டு. இரைஞ்சா இரையட்டு."

"காதுக்குள்ள வண்டு கேறுனது போல இருக்குண்ணு நீதானே சொல்லுவ?"

"இப்ப சொல்லல்ல இல்லியா. அதத் தொடாதீங்க."

சொல்லிவிட்டு நின்றாள். அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை, மேஜைமேல் கிடந்த பிஸ்கட் டின்னில் இருந்தது.

ஐப்பசி மழை மத்தியானமே தொடங்கியிருந்தது. ஓட்டின்மேல் ஒரே சீராக இறங்கி, பின்கட்டுத் தகரத்தில் தாளம் மாறி, வாழை இலைகளில் பொத்துப்பொத்தென்று விழுந்து, எல்லாம் சேர்ந்து வீட்டைச் சுற்றி ஒரு சுவர் கட்டியதுபோல் இருந்தது. மணி நாலுகூட ஆகியிருக்காது. ஆனால் அறைக்குள் விளக்கில்லாமல் கை தெரியவில்லை. சபைக் கன்வென்ஷன் கூட்டங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். சென்ற வருஷம் ஜெபவேளையில் கிட்டாரின் ஆம்ப்ளிபையர் பெட்டி 'ம்ம்ம்' என்று முனகப் போய், முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைச் சபைக் கமிட்டி இன்னும் மறக்கவில்லை. இந்த வருஷமும் இரைந்தால் மேடையில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பிகள் ஏறி உட்காரும் பிரிட்ஜுக்கு ஒட்டினாற்போல் கம்பியின் அதிர்வைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்பும் பிக்கப்பை வைப்பதற்கு, கிட்டாரில் ஒரே ஒரு துளைதான் வெட்டியிருந்தது. அந்த இடத்தில் கம்பி அதிகம் அசையாது. சத்தம் மெலிந்து, கூர்மையாக வரும். பந்தலின் கடைசி ஆள் வரை பாட்டு கேட்க வேண்டுமானால் அந்த இடம்தான் வேண்டும். ஆனால் மெலிந்த சத்தத்துக்கு ஆம்ப்ளிபையரைக் கூட்ட வேண்டும், கூட்டினால் இரைச்சலும் கூடவே எழும். இப்போது அதில் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப். டின்னில் இருப்பது இரட்டைச் சுருள். இரண்டையும் செய்தவன் யோசுவா. கிருபாபாயின் தம்பி. பாறசாலையில் மைக் செட் வைத்திருந்தவன்.

அக்காவின் தையல் மெஷின் சக்கரத்தில் மாட்டித்தான் அவன் தலைமயிரைவிட மெல்லிய செப்புக்கம்பியைச் சுற்றினான். பழைய டெலிபோன் காந்தங்களை நடுவில் வைத்தான். சபையில் மிஞ்சிய மெழுகுவர்த்திகளை உருக்கி அதில் முக்கி எடுத்தான். முக்காவிட்டால் பக்கத்தில் நின்று பேசுகிற பேச்சையெல்லாம் சுருள் பிடித்துவிடுமாம்.

"ரெண்டு சுருளையும் நேரெதிரா சுத்தியாச்சு அத்தான்," என்று அன்று பல் தெரியச் சிரித்தான். "வெளிய இருந்து வாற இரைச்சல் ரெண்டுலயும் விழும், ஒண்ணையொண்ணு தின்னுபோடும். கம்பியில உள்ளது மட்டுமாக்கும் மிஞ்சும்."

அதைப் பொருத்திப் பார்க்க அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. தங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் கொதித்த அந்த ஆடி மாதத்தில், அவன் மைக் போகாத கூட்டம் கிடையாது. ஊர்வலத்தில் கல் பறந்து, தடியடி நடந்து, போலீஸ் பெயர் சொல்லித் தேட ஆரம்பித்ததும், ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டத்தில் ஷீட்டு உலர்த்தும் புகைப்புரையில் ஒளிந்துகொண்டான். இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஜெயதாஸ், கிருபாபாய், சோறு கொண்டுபோய்க் கொடுத்த தோட்டத்துப் பொன்னுதாஸ். ஆனாலும் ஒருநாள் போலீஸ் நேரே புகைப்புரைக்கே வந்தது. யோசுவா மழையில் ஓடி, வெட்டுக்கல் எடுத்த பழைய குழியில் விழுந்தான். செம்மண் தண்ணீர் நிறைந்த குழி. மறுநாள் தூக்கியபோது வாய் நிறைய மண் இருந்தது.

பொன்னுதாஸ்தான் காட்டிக்கொடுத்தான். ஜெயதாஸுக்கு அதில் சந்தேகமே இல்லை. சிறுவயதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனிடம் பேச்சை முறித்தான். மனதில் பகை வைத்துக்கொண்டு பீடத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் ராப்போஜனத்தை எடுக்கக்கூடாது என்பது சபை வழக்கம். அதனால் மாதாமாதம் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவன் மட்டும் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ஊர் பார்த்தது. பார்க்கட்டும் என்றிருந்தான்.

முதலில் பழையதையே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமென்று ஆம்ப்ளிபையரைப் போட்டான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. தூசி சூடாகும் வாசனை வந்தது. பிறகு அந்த இரைச்சல், தாழ்ந்து, அறை முழுக்கப் பரவி, பல்லின் வேரில் போய் உட்கார்ந்தது. கம்பியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். இரைச்சலுக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. பேச்சைப்போல. திருவனந்தபுரம் ரேடியோ சுருளில் ஏறியிருக்கும், ஒற்றைச் சுருளுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் ரேடியோவில் ஒருவன் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வானா?

அவள் திரும்பிப் போயிருந்த அடுக்களையில் சத்தமே இல்லை. கிருபாபாய் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவனுக்கு ஏனோ தோன்றியது.

கரண்டை நிறுத்தினான். பழையதைக் கழற்றி, டின்னைத் திறந்தான். மெழுகு வாசனையை எதிர்பார்த்தவனுக்குப் புகையில் உலர்ந்த ரப்பர் ஷீட்டின் புளித்த வாசனை அடித்தது. யோசுவாவின் சட்டையில் கடைசியாக அடித்த அதே வாசனை. கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, இரட்டைச் சுருளைத் துளையில் இறக்கி, திருகுகளை முடுக்கி, இரண்டு கம்பி முனைகளையும் பற்றவைத்தான். சுவிட்சைப் போட்டான்.

இரைச்சல் இல்லை.

சொன்னபடி செய்துவிட்டான் பயல். ஜெயதாஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆம்ப்ளிபையரை முழுக்கக் கூட்டினான். அப்போதும் இல்லை. மழைச் சத்தம் மட்டும். ஓடு, தகரம், வாழை இலை.

பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒருவன் மூச்சை இழுத்தான்.

நீர் கலந்த மூச்சு. தொண்டையில் ஏதோ அடைத்திருப்பவன் விடுகிற மூச்சு.

"ஆராக்கும் சொன்னது?"

ஜெயதாஸ் நகரவில்லை. ரேடியோ என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. வெளியிலிருந்து வருவது எதுவாக இருந்தாலும் இந்தச் சுருளில் செத்துவிடும். கம்பியில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும். குனிந்து பார்த்தான். தடித்த கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

"ஆராக்கும் சொன்னது?"

"யோசுவா," என்றான். "மக்கா, பொன்னுதாஸாக்கும். பொன்னுதாஸாக்கும் சொன்னது."

கம்பி காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மறுபடி அதே கேள்வி. அதே ஈர மூச்சு.

"அதுக்குக் கேக்காது." கிருபாபாய் வாசலில் நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. "நானும் எத்தனையோ மட்டம் சொல்லிப் பாத்தேன். நீங்க பெட்டிய அணைக்காம வெளிய போன நேரம், வாசல்ல நிண்ணுட்டு. இரைச்சல் இருந்தா ஒண்ணும் வெளங்காது, அதாக்கும் பழையதே போதும்ணு சொன்னேன். நீங்க கேட்டீங்களா?"

"என்னத்தச் சொல்லிப் பாத்த?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"ஏட்டீ. அவனுக்கிட்ட நீ என்னத்தச் சொன்ன?"

"மன்னிப்பு கேட்டேன்."

மழை கொஞ்சம் குறைந்து, மறுபடி வலுத்தது.

"நீங்க சந்தைக்குப் போன நேரம் போலீசுகாரவ வந்தாவ," என்றாள். குரல் தட்டையாக இருந்தது. "மைக் பெட்டி இந்த வீட்டுலதானே இருக்கு, அப்ப ஒனக்க புருஷனக் கொண்டு போறோம்ணு சொன்னாவ. எனக்குப் பேடியாயிட்டு, பயத்துல எடத்தச் சொல்லிப்போட்டேன். அவனப் பிடிச்சா ரெண்டு அடி அடிச்சு விட்டிருவாவண்ணு நெனச்சேன். சாவாண்ணு நெனச்சேனா?"

புருஷனைக் காப்பாற்றத்தான் செய்திருக்கிறாள். அது அவனுக்குப் புரிந்தது. ஆனால் நெஞ்சைக் கிழித்தது அது அல்ல.

"பொன்னுதாஸாக்கும்ணு நான் சொன்னப்ப நீ தலையாட்டின. ஆட்டிட்டு எனக்குச் சோறு விளம்பின."

அவள் தரையைப் பார்த்தாள்.

"போன ராப்போஜனத்துக்கு நான் எழும்பாம இருந்தேன். கடைசி பெஞ்சில, ஊரு முழுக்க பாக்க. நீ எழும்பிப் போன கிருபா. வெள்ளச் சேல உடுத்து. எனக்க முன்னால கூடி நடந்து போய், கை நீட்டி அப்பம் வாங்கின."

"போகல்லேண்ணா எல்லாரும் கேப்பாவ இல்லியா," என்றாள்.

"அக்கா."

இந்த முறை பெட்டியின் குரல் கிட்டத்தில் இருந்தது. ஆறு கம்பிகளும் நடுங்கின. கிட்டாரின் வட்டத் துளையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேஜையில் விழுந்தது. சிவந்த தண்ணீர்.

"அக்கா. ஆராக்கும் சொன்னது?"

கிருபாபாய் உள்ளே வந்தாள். இத்தனை நாள் மிதிக்காத அறை. அவனைக் கடந்து மேஜைக்குப் போனாள். கால் தயங்கவில்லை. காற்றில் சொன்னது எதுவும் அதற்குக் கேட்கவில்லை என்பதை அவள் அறிந்துவைத்திருந்தாள். எப்படிச் சொன்னால் கேட்கும் என்பதும் இப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. குனிந்தாள். தூங்கும் பிள்ளையின் காதில் பேசுகிறவளைப்போல, கம்பிகளின் மேல் உதட்டை வைத்தாள்.

ஜெயதாஸ் அவள் உண்மையைச் சொல்லப் போகிறாள் என்றே நினைத்தான். அந்தக் கணத்திலும் அவளுக்காகப் பயந்தான். தடுக்கக் கை நீட்டினான்.

பெட்டி அவள் குரலில் பேசியது. தெளிவாக. ஒரு துளி இரைச்சல் இல்லாமல்.

"ஒனக்க அத்தானாக்கும் சொன்னது, மக்கா."

அவன் நீட்டிய கை அப்படியே நின்றது.

"கிருபா."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பின்னோக்கியே நடந்தாள். வாசல். கதவு. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

பெட்டி அடங்கியது. மூச்சும் இல்லை. கேள்வியும் இல்லை. விடை கிடைத்தவனுக்கு ஏது கேள்வி.

"இல்ல," என்றான் ஜெயதாஸ். "நான் இல்ல மக்கா. அவளாக்கும்."

காற்றில் போயிற்று.

கம்பிகள் அழுந்தத் தொடங்கின. கிட்டார் கழுத்தின் நுனியில். ஒவ்வொன்றாக. விரல் வைத்ததுபோல். பிறகு ஒரு குறுக்குக் கட்டை கீழே. இன்னொன்று. கயிற்றைப் பிடித்து யாரோ குழியிலிருந்து ஏறி வருகிறார்கள். புகை வாசனை. ஈர மண். துளையிலிருந்து தண்ணீர் இப்போது சொட்டவில்லை, வழிந்தது.

சொல்ல வேண்டும். கம்பியில் சொல்ல வேண்டும். அவன் மேஜையில் விழுந்து, வாயைக் கம்பிகளுக்குக் கொண்டுபோனான்.

உதடு கம்பியைத் தொடவில்லை. நடுவில் ஒரு விரல் இருந்தது. குளிர்ந்து, தண்ணீரில் ஊறி உப்பிய விரல். பேசாதே என்பதுபோல் அவன் உதட்டின் மேல் அமர்ந்தது. பிறகு மெல்ல, பற்களை விலக்கிக்கொண்டு, உள்ளே நுழைந்தது.

மண் சுவைத்தது.

பிறகு இரண்டாவது விரல்.